சோக்கை எப்போது எடுப்பது

பெட்ரோல் எரியாது. எரிவது அதன் ஆவி. திரவமாக இருக்கிறவரை பெட்ரோலுக்குத் தீயோடு நேரடி உறவு கிடையாது. மேலே மிதக்கிற ஆவி பற்றிக்கொள்ளும், அந்தச் சூட்டில் அடியில் இருப்பது ஆவியாகி, பிறகு அதுவும் பற்றும். அந்த ஆவியும் காற்றோடு ஒரு அளவில் கலந்திருந்தால்தான் உண்டு. கலவையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே போனால் பற்றாது. ஏழெட்டுப் பங்கைத் தாண்டினாலும் பற்றாது. காலையில் ஒரு பைக் ஸ்டார்ட் ஆகிறதா இல்லையா என்பது, பிளக் பொறி தட்டுகிற அந்த நொடியில் கலவை இந்தச் சின்ன இடைவெளிக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கோயமுத்தூரில் இருப்பவருக்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டிய தேவையே வராது. பட்டனை அழுத்துவார், போய்விடுவார். மலையில் அப்படி இல்லை.

நான் வளர்ந்தது கேத்திப் பள்ளத்தாக்கில். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். மலை ரயிலில் வருகிறவர்களுக்கு அது ஜன்னலில் வந்துபோகிற பச்சை. எங்களுக்கு அது கேரட். நவம்பர் வாக்கில் நீர்பனி விழ ஆரம்பிக்கும். டிசம்பர் கடைசியில் அது உறைபனியாகும். விடிகிற நேரத்தில் தோட்டத்துப் புல்மேல் யாரோ கல்லுப்பை இடித்துத் தூவின மாதிரி இருக்கும். பைக் சீட்டில் விரலால் பேர் எழுதலாம்.

அப்பா கேரட் கழுவுகிற இடத்தில் கணக்கு எழுதுபவர். தோண்டின கேரட்டைக் கழுவி, மூட்டை பிடித்து, லாரி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிற வேலை. ஊர் தூங்குகிற நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும். அதனால் அதிகாலை மூன்றே முக்காலுக்கு அவர் வண்டி கிளம்பியாக வேண்டும். வண்டி 2004 மாடல் ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி, கிக் ஸ்டார்ட். எங்கள் லைனில் ஆறு வீடுகள். யார் வீட்டிலும் அலாரம் கிடையாது. அப்பாவின் கிக்கர் சத்தம்தான் அலாரம்.

*

அப்பாவுக்கு ஒரு முறை இருந்தது. பெட்ரோல் டேப்பைத் திறப்பார். சோக்கை முழுசாகப் போடுவார். சாவியைப் போடாமலே மெதுவாக இரண்டு உதை உதைப்பார். அப்புறம் சாவி. அப்புறம் ஒரே அழுத்தமான உதை. ஆக்சிலேட்டரை மட்டும் தொடவே மாட்டார். "முறுக்கினா செத்துரும்" என்பார். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்.

அது அப்படித்தான் என்பதற்குக் காரணம் உண்டு. கார்புரேட்டர் என்பது நடுவில் ஒடுங்கின ஒரு குழாய். ஒடுங்கின இடத்தில் காற்று வேகமாகப் போகும். வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் கீழே இருக்கிற கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக மேலே உறிஞ்சும். சூடான இன்ஜினுக்குக் கணக்கு சுலபம். 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல். முழுசாக எரிந்து மிச்சம் இல்லாமல் போகிற அளவு அது.

குளிரில் இந்தக் கணக்கு தப்பிப்போகும். பெட்ரோல் என்பது ஒரே பொருள் கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கூட்டம் அது. சில முப்பது நாற்பது டிகிரியிலேயே கொதித்துவிடும். சில 200 டிகிரி வரைக்கும் அசையாது. இன்ஜின் பனியில் கிடக்கும்போது கார்புரேட்டரிலிருந்து தெறிக்கிற துளிகளில் பெரும்பகுதி குழாய்ச் சுவரில் ஒட்டி வழியும். இலேசான பகுதி மட்டும்தான் ஆவியாகி உள்ளே போகும். ஜெட் வழியாகச் சரியான அளவு பெட்ரோல் வந்திருக்கும், ஆனால் பிளக்கிடம் வந்து சேர்ந்த ஆவி போதாது.

இதற்குத்தான் சோக். காற்று வருகிற வழியை அடைத்தால் உறிஞ்சல் கூடும். காற்று குறைந்து பெட்ரோல் தேவையைப் போலப் பல மடங்கு வந்து கொட்டும். அதில் ஆவியாகிற சிறு பங்கே பொறிக்குப் போதுமானதாகிவிடும். அப்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் அந்த உறிஞ்சல் தளர்ந்துபோகும். அப்பா சொன்னது அதைத்தான்.

எங்கள் ஊர் வழக்கத்தில் சொன்னால், பத்துப் பேர் விருந்துக்கு வரவேண்டும். ஆனால் கூப்பிட்டால் ஐந்தில் ஒருத்தர்தான் வருவார் என்று தெரியும். அதனால் ஐம்பது பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம். பந்தி நிறைந்துவிடும். ஆனால் இன்ஜின் சூடாகச் சூடாக, வராமல் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து இலையில் உட்கார ஆரம்பிப்பார்கள். பத்திரிகை வைப்பதை அப்போதே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் சாப்பாடு இருக்கும், சாப்பிட ஆட்களும் இருப்பார்கள், காற்று இருக்காது.

சோக்கைப் போடுவது யாருக்கும் தெரியும். எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

2012-இல் நான் ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பர் லீவில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று அப்பா சொன்னார். லோடு நேரம், அவரால் வரமுடியாது. நானே ஓட்டிக்கொண்டு குன்னூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற ஒரு சந்தில் பாயின் கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு ரேடியோ. பாய்க்கு அப்போதே அறுபது இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பழைய ஜெட்டுகளைப் போட்டு அளவு எழுதி வைத்திருப்பார்.

பாய் வண்டியைத் திறப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் நிற்பார். சைலன்சரைத்தான் முதலில் பார்ப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி.

"புகைல மூணு சாதி இருக்கு பாப்பா," என்றார் அன்றைக்கு. "நீலமா வந்தா ஆயில் எரியுது. ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும், செலவு இருக்கு. கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி, ரிச்சு. வெள்ளையா வந்தா பயப்படாத, அது தண்ணி."

தண்ணீர் என்று அவர் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொண்டால், 114 கிராம் எரிந்தால் 162 கிராம் தண்ணீர் வரவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். சூடான நாளில் அது கண்ணுக்குத் தெரியாத நீராவியாகப் போய்விடுகிறது. குளிர்காலக் காலையில் ஜில்லென்று இருக்கிற சைலன்சருக்குள் அது குளிர்ந்து, வெண்புகையாக வரும், சில நேரம் சொட்டும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டிகளின் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிப்பது இதனால்தான். உள்ளே தேங்கின தண்ணீர் காய்வதற்குள் வண்டி நின்றுவிடுகிறது.

பாய் சைலன்சர் வாயில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். மை. அப்புறம் பிளக்கைக் கழற்றினார். நல்ல பிளக் மேரி பிஸ்கெட் நிறத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன், காற்று ஜாஸ்தி, இன்ஜின் தேவைக்கு மேல் சூடாகிறது. எங்கள் பிளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"மலை வண்டின்னாலே கொஞ்சம் ரிச்சாத்தான் ஓடும்," என்றார். அதுவும் சரி. கேத்தி உயரத்தில் காற்று, கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. ஜெட்டின் ஓட்டை அதே ஓட்டைதான். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் கீழே சரியாக ஓடுகிற வண்டி, மேலே வந்தால் கொஞ்சம் கனமாக, சோம்பலாக ஓடும். பாய் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்துவிடுவார். டூரிஸ்ட் பையன்கள் ரெண்டு நாளைக்கு வந்து, வண்டி இழுக்கவில்லை என்று நின்றால், "ஒண்ணும் பண்ணாத, கீழ போனா சரியாயிடும்" என்று காசு வாங்காமல் அனுப்பிவிடுவார்.

காலையில் ஸ்டார்ட் செய்ய இந்த உயரத்து ரிச் பெரிதாக உதவாது. அங்கே பிரச்சினை ஆவி. இன்ஜின் சூடானதும்தான் அது தன் வேலையைக் காட்டும். ஏற்கெனவே ரிச்சாக ஓடுகிற வண்டியில் சோக்கையும் எடுக்காமல் விட்டால் பிளக் கறுத்துப்போகும். நனைந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ரிங் தேயும்.

பாய் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"காலைல எவ்ளோ நேரம் சோக்குல ஓட விடுறாரு அப்பா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும் பாய். சூடாகட்டும்னு விட்டுட்டு டீ குடிப்பாரு."

"எங்க வெச்சு?"

"திண்ணைலதான். பனின்னு ராத்திரி உள்ளயே நிறுத்திருவாரு."

தேய்ப்பதை நிறுத்தினார்.

"வீட்ல யாருக்காச்சும் தலைவலி இருக்கா?"

*

அம்மாவுக்கு இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் காலையில் வரும். நெற்றியைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். கேட்டால் "பனித் தலைவலி" என்பாள். ஒன்பது மணிவாக்கில் துணி துவைக்க வெளியே போனால் தானாகக் குறைந்துவிடும். வெயில் பட்டதால் பனி இறங்கிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். தம்பிக்கு அப்போது எட்டு வயது. டிசம்பர், ஜனவரியில் அவனை எழுப்புவது பெரிய பாடு. எழுந்தாலும் சுவரில் சாய்ந்துகொண்டு குமட்டுகிறது என்பான். சோம்பேறி, ஸ்கூலுக்குப் போகப் பயம் என்று பட்டம் கட்டிவைத்திருந்தோம்.

எங்கள் திண்ணை, திண்ணை என்ற பேரில் இருந்த ஓர் அறை. காற்று வராமல் இருக்க அப்பாவே முன்பக்கம் தகரம் அடித்து, இடுக்கில் சாக்கைச் செருகி அடைத்திருந்தார். பத்தடிக்கு எட்டடி. அதற்கும் படுக்கிற அறைக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு. அப்பா கிளம்பினதும் அம்மா மறுபடி வந்து தம்பி பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

பாய் தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தபோது, ஒரு ஆடி மாச மழையில் கதவைச் சாத்திக்கொண்டு வண்டிகளை ஓடவிட்டு டியூனிங் பண்ணியிருக்கிறார். தலை வலித்தது, கால் தளர்ந்தது, விழுந்ததே தெரியவில்லை. டீ கொண்டுவந்த பையன் கதவைத் திறந்ததால் பிழைத்தார். "புகை தெரிஞ்சா ஆளு எந்திரிச்சுப் போயிருவான் பாப்பா. தெரியாத புகை ஒண்ணு இருக்குல்ல, அதுதான் உக்கார வெச்சே முடிக்கும்."

அந்தத் தெரியாத புகையின் பெயர் நான் பாடத்தில் படித்ததுதான். கார்பன் மோனாக்சைடு. காற்று போதுமான அளவு இருந்தால் ஒரு கார்பனுக்கு ரெண்டு ஆக்சிஜன் கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடாகப் போகும். ரிச் கலவையில் ஆக்சிஜன் பற்றாக்குறை. பல கார்பன்களுக்கு ஒன்றுதான் கிடைக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிவைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று பேப்பரில் செய்தி வரும். அதே வாயு. கரிச்சட்டியை உள்ளே வைக்கக் கூடாது என்று எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். பைக்கைப் பற்றி யாரும் அப்படி நினைத்ததில்லை. கரிச்சட்டி அடுப்பு, பைக் வாகனம்.

அன்று ராத்திரி நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். 97 சிசி. ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்று வைத்தால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 750 தடவை மூச்சு இழுக்கும். த்ராட்டில் மூடியிருப்பதால் ஒவ்வொரு மூச்சும் மூன்றில் ஒரு பங்குதான் நிறையும். நிமிஷத்துக்குச் சுமார் 24 லிட்டர். சோக்கில் ஓடுகிற வண்டியின் புகையில் 5 சதவீதம் மோனாக்சைடு என்று வைத்தாலும் நிமிஷத்துக்கு 1.2 லிட்டர், ஐந்து நிமிஷத்துக்கு 6 லிட்டர். திண்ணையின் கொள்ளளவு பத்து, எட்டு, உயரம் எட்டு: 640 கன அடி, சுமார் 18,000 லிட்டர். வகுத்தால் பத்து லட்சத்தில் 330 பங்கு. 200 பங்கு இருந்தாலே ரெண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும் என்று புத்தகத்தில் இருந்தது.

தோராயக் கணக்குதான். வண்டியை வெளியே எடுக்கும்போது கதவு திறக்கும், கொஞ்சம் கலைந்து போகும். அப்பா கிளம்பின கையோடு அம்மா அதே கதவைக் குளிருக்காக இறுக்கிச் சாத்திவிடுவாள். பதில் பத்தாகவோ இருபதாகவோ வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். 330-ஐப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றிருந்தது.

*

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணங்களும் சும்மா இல்லை.

"பொல்யூஷன் சர்டிபிகேட் எடுத்திருக்கேன். பாஸ்னு போட்டிருக்கான் பாரு."

பாஸ்தான். அந்த மாதிரிப் பழைய கார்புரேட்டர் பைக்குக்கு ஐடிலிங்கில் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், இருந்தது. ஆனால் அந்தக் குழாயைச் சைலன்சரில் விடுவது பகல் பதினொரு மணிக்கு, வண்டி பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகு. சோக் இல்லாமல். அதிகாலை மூன்றே முக்காலுக்கு எங்கள் திண்ணையில் ஓடுகிற வண்டியை எந்தச் சர்டிபிகேட்டும் பார்த்ததில்லை.

"வெளிய நிறுத்தினா பனில ஸ்டார்ட் ஆகாது."

இதுவும் உண்மை. திண்ணைக்குள் வெளியைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருக்கும். அந்த ஐந்தாறு டிகிரியில்தான் பெட்ரோல் ஆவியாகிறது, ஆயில் கொஞ்சம் இளகியிருக்கிறது, கிக்கர் இறங்குகிறது. இன்ஜினுக்கு எது நல்லதோ அது தூங்குகிறவர்களுக்குக் கெட்டதாக இருந்தது. லாரி கிளம்புகிற நேரத்துக்கு அவர் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவும் அவர் பக்கம்தான். "இத்தன வருஷமா இல்லாத புகையா? பனித் தலைவலிக்கு வண்டி என்ன பண்ணும்?"

"சரி, ராத்திரி உள்ளயே நிக்கட்டும்ப்பா. காலைல வெளிய தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க."

"வெளியன்னா எங்க? பக்கத்து வீட்டு ஜன்னல் கீழயா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. லைன் வீடுகளில் வாசல் என்பது இன்னொருவரின் ஜன்னல். எங்கள் திண்ணையிலிருந்து வெளியேற்றினால் அது அடுத்த வீட்டுப் பாட்டியின் கட்டிலுக்குப் போகும். அப்பா அதைக் கேட்டது மறுப்பதற்காக. ஆனால் கேட்ட பிறகு அவராலேயே அதை விடமுடியவில்லை. மறுநாள் மூன்றரைக்குத் திண்ணையில் சத்தம் கேட்டது. கிக்கர் சத்தம் இல்லை. வண்டியை இரண்டு படி இறக்குகிற சத்தம். ஆறு வீட்டையும் தாண்டி, ரோடு திரும்புகிற வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். சுமார் நூறு அடி, லேசான ஏற்றம். அங்கே தேயிலைச் செடிதான், வீடு கிடையாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நானும் பின்னால் போனேன். உதைத்தார், உதைத்தார், உதைத்தார். எண்ணிக்கொண்டே வந்தேன். பதினான்காவது உதையில் பிடித்தது.

மிச்சத்தைப் பாய் பார்த்துக்கொண்டார். கார்புரேட்டரைக் கழற்றிப் பைலட் ஜெட்டை ஊதிச் சுத்தம் பண்ணி, டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணி, புதுப் பிளக் போட்டுக்கொடுத்தார். அப்பாவிடம் ரெண்டே விஷயம் சொன்னார். "அண்ணே, சோக்க முக்கா நிமிஷத்துல பாதி எடுங்க, ஒண்ணரை நிமிஷத்துல முழுசா எடுங்க. நின்ன எடத்துல சூடு பண்ணாதீங்க. நிக்கற வண்டி மெதுவாத்தான் சூடாகும். ஒரு கிலோமீட்டர் முறுக்காம மெல்ல ஓட்டுங்க, அதுலயே சூடாயிரும்."

அப்புறம் மூன்றாவது உதைக்குப் பிடிக்க ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் டீ குடித்துக்கொண்டு சூடாக்கின காலத்தைவிடப் பெட்ரோலும் மிச்சம் என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். சைலன்சர் வாயில் மை குறைந்தது.

அம்மாவின் தலைவலி இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நாங்கள் யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. அந்த ஜனவரியில் அவள் நெற்றியில் துணி கட்டவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். தம்பி தானாக எழுந்து வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு வயது கூடினதால்கூட இருக்கலாம். அவனைச் சோம்பேறி என்று சொல்வதை நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

*

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தது. அதோடு புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய போய்விட்டது. இப்போது ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சோக் லிவர் கிடையாது. இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கிறது. குளிரக் குளிர அதன் மின்தடை கூடும். அதைப் பார்த்து, இவ்வளவு குளிர், இவ்வளவு பெட்ரோல் கூடுதலாக விடவேண்டும் என்று இசியூ தீர்மானிக்கும். சூடாகச் சூடாக அதுவே குறைத்துக்கொண்டு வரும். சைலன்சர் குழாயில் இன்னொரு சென்சார், புகையில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜனை அளந்து, ரிச்சா லீனா என்று சொல்லும். பாய் விரலை விட்டுப் பார்த்த அதே இடம்தான்.

பாயின் கடையில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. அவர் மருமகன் பார்க்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, எத்தனால் புண்ணியத்தில். 2023-இல் இ20 பெட்ரோல் வந்தது, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதற்கு வேண்டிய காற்று குறைவு. 14.7 என்ற பழைய கணக்கு, இ20-க்கு 13.5 பக்கம் வந்துவிடும். பழைய ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய அளவையே ஊற்றும். விளைவு, வண்டி கொஞ்சம் லீன். அது போக, எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும். பனிக்காலத்தில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது? அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு இப்போது சோக்கை அரை நிமிஷம் கூடுதலாக விடவேண்டியிருக்கிறது. சூடான பிறகு மட்டும் ஒரு வேடிக்கை நடக்கிறது. மலை கொடுக்கிற ரிச்சும் எத்தனால் கொடுக்கிற லீனும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, எங்கள் உயரத்தில் பழைய வண்டிகள் முன்பைவிட நன்றாகவே ஓடுகின்றன. "கவர்மெண்ட்டே ஏர் ஸ்க்ரூ திருகி விட்டுருச்சு" என்று பாய் சிரிப்பார்.

இன்ஜெக்ஷன் வந்ததால் குளிர் ஸ்டார்ட்டின் விதி மாறிவிடவில்லை. பெட்ரோல் இன்னும் ஆவியாகத்தான் வேண்டும். அதனால் முதல் நிமிஷத்தில் இசியூவும் கூடுதலாகத்தான் ஊற்றுகிறது, எண்ணி ஊற்றுகிறது என்பதே வித்தியாசம். மிச்சப் புகையைச் சுத்தம் செய்ய சைலன்சருக்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்றுவது அதன் வேலை. ஆனால் 250, 300 டிகிரி சூடு வருகிறவரை அது வேலையைத் தொடங்காது. இன்ஜின் முழிக்கிற அந்த முதல் நிமிஷத்தில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆக, ஒரு நவீன பைக் அதிக அழுக்கைக் கக்குவது அதன் முதல் சில நொடிகளில்தான். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் வெண்மை. அது தண்ணீர்.

*

தம்பிக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. போன வருஷம் சொந்தக் காசில் ஒரு பிஎஸ்-6 பைக் எடுத்தான். குன்னூரில் காலை ஷிப்ட் வேலை. ஐந்து மணிக்குக் கிளம்புகிறான். டிசம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு.

"வளைவு வரைக்கும் தள்ளிட்டுப் போடா."

"அப்பா, இது பிஎஸ்-சிக்ஸ். சோக்கே கிடையாது. புகையே வராது, பாருங்க."

"வராட்டி என்ன. தள்ளிட்டுப் போ."

தம்பி என்னைப் பார்த்தான். கெமிஸ்ட்ரி படித்தவள் நான், அவனுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தான். கன்வெர்ட்டர் சூடாகிற கணக்கை அந்நேரத்தில், அந்தக் குளிரில் அவனுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றால் என்னவென்று தெரியாது. அவர் சொன்னது சரி.

"அப்பா சொல்றாருல்ல, தள்ளு," என்றேன்.

முனகிக்கொண்டே இரண்டு படி இறக்கினான். சக்கரம் ஈர மண்ணில் உருளுகிற சத்தம் ஒவ்வொரு வீடாகத் தாண்டிப் போயிற்று. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.